லலித கலை மேற்படிப்பு: எதைப் பார்த்துச் சேர்வது?

தஞ்சை ஜில்லாவிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியுள்ள கடிதம் ஒரு வாரமாக நமது மேஜையின்மீது இருக்கிறது. அவர் தறி நெய்து ஜீவிப்பவர். அவருடைய மூத்த குமாரன் சித்திரக் கலாசாலையில் நான்கு வருஷம் பயின்று பட்டம் பெற்றுவிட்டான். இன்னும் இரண்டு வருஷம் படித்து எம்.எப்.ஏ. என்னும் முதுகலைப் பட்டமும் பெறவேண்டுமென்பது அவனுடைய ஆவல். கடல் கடந்த தேசத்திலுள்ள ஒரு கலாசாலை அவனைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. செலவு 40 லட்சம் ரூபாய்க்குக் குறையாதாம். வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்தால் பாங்கியில் கடன் கிடைக்குமாம். சிநேகிதர்கள் "போ, போ" என்கிறார்கள். பந்துக்கள் "பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலைக்கு வழி பார்" என்கிறார்கள். "தாங்கள் ஒரு யோசனை சொல்லவேண்டும்" என்று கேட்டு அவர் கடிதத்தை முடித்திருக்கிறார்.

இது ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம், பத்திரிகையின் தலையங்கப் பக்கத்தில் இதற்கு என்ன இடம் என்று நேயர்களில் சிலர் நினைக்கக்கூடும். நாம் அவ்விதம் நினைக்கவில்லை. ஆண்டுதோறும் கோடை பிறந்ததும் நூற்றுக்கணக்கான வீடுகளில் இதே கேள்வி எழுகிறது. டாக்டர் படிப்புக்கும் என்ஜினீயர் படிப்புக்கும் வழி சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். சித்திரமும் சிற்பமும் மேற்கொண்டு கற்க விரும்புகிறவனுக்கு வழி சொல்வார் அரிது. விளம்பரத்தையும் கட்டடத்தின் படத்தையும் பார்த்து மயங்கிப் போகிறவர்களே அதிகம்.

பொதுவாழ்வில் ஈடுபட்டவர்களுக்கு இவ்விஷயத்தில் தனியான ஓர் அக்கறையும் உண்டு. 1938ஆம் வருஷம் ஹரிபுராவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, காந்தியடிகளின் விருப்பத்துக்கு இணங்கி நந்தலால் போஸ் தீட்டிய சித்திரத் தட்டிகள் அந்நகரை அலங்கரித்தன. உழவனும், தச்சனும், வாத்தியக்காரனும், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாயும் அவற்றில் இடம் பெற்றார்கள். கூட்டம் பார்க்க வந்த குடியானவன் மகாசபையின் வாயிலிலேயே தன் உருவத்தைக் கண்டான். பின்னர் நமது அரசியல் சாசனத்தின் கையெழுத்துப் பிரதியை அலங்கரித்ததும் அதே நந்தலாலும் அவருடைய சாந்திநிகேதன் மாணாக்கர்களுமே. மேடையில் ஆயிரம் வார்த்தை பேசுகிறோம். சுவரில் ஒரு சித்திரம் அதைவிடத் தெளிவாகப் பேசிவிடுகிறது. அத்தகைய சித்திரத்தை எழுத வல்லவர்கள் எங்கே, எப்படி உருவாகிறார்கள் என்பது தேச காரியமே.

முதலில் இந்தப் பட்டம் என்ன தரும், என்ன தராது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சித்திரம் வாங்குகிறவன் எழுதியவரின் பட்டத்தைக் கேட்பதில்லை. கோயிலுக்கு விக்கிரகம் வார்ப்பிக்கிறவரும் கேட்பதில்லை. சர்வகலாசாலையிலோ கலாசாலையிலோ ஆசிரியர் உத்தியோகம் நாடுகிறவனுக்கே அது இன்றியமையாதது. சர்வகலாசாலை மானியக் கமிஷனின் 2018ஆம் வருஷத்து விதிகளின்படி, உதவிப் பேராசிரியர் பதவிக்கு முதுகலையில் 55 சதவிகித மதிப்பெண்ணும், அதன்மேல் 'நெட்' என்னும் தேசியத் தகுதிப் பரீட்சையில் தேர்ச்சியும் பொது வழியாக வைக்கப்பட்டிருக்கின்றன. அப்பரீட்சையில் காட்சிக் கலை தனியொரு பாடமாகவே இருக்கிறது. ஆகவே, கற்பிக்கும் தொழிலுக்கு இப்பட்டம் ஓர் அனுமதிச் சீட்டு. அதற்கு மேல் அது தருவது இரண்டு வருஷ அவகாசம். வயிற்றுக் கவலை சிறிது ஒதுங்கியிருக்க, கையும் கண்ணும் தம் வேலையைச் செய்வதற்கான அவகாசம். இந்த அவகாசத்தை எங்கே, யாருடைய நிழலில் கழிப்பது என்பதே கேள்வி.

இப்பட்டத்தின் சரித்திரமே இதற்கு ஒரு விடை சொல்லுகிறது. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலை 1940ஆம் வருஷம் எம்.எப்.ஏ. பட்டத்தை முதன்முதலாக வழங்கியபோது, அதைப் பெற்ற ஒரு சிலரில் எலிஸபெத் காட்லெட் என்னும் நீக்ரோவர் வகுப்புப் பெண்மணி ஒருவர். கறுப்பு நிறத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக முன்னமே ஒரு கலாசாலை அவருக்குக் கதவைச் சாத்தியிருந்தது. அயோவாவிலும் மாணாக்கர் விடுதியில் அவருக்கு இடமில்லை. வெளியே அறை பிடித்துத் தங்கினார். அப்படியிருந்தும் அவர் அங்கே போனதேன்? கிராண்ட் வுட் என்னும் சித்திரக்காரருடைய வேலை அவர் மனத்தைக் கவர்ந்திருந்தது. அவர் அங்கே ஆசிரியராக இருந்தார். நீ எதை நன்கு அறிவாயோ அதையே செய் என்பது அந்த ஆசிரியரின் உபதேசம். காட்லெட் தம் குலத்துத் தாயையும் குழந்தையையும் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கினார். பட்டத்துக்காகச் செய்த அந்தச் சிற்பம் அதே 1940இல் சிகாகோ பொருட்காட்சியில் முதற் பரிசு பெற்றது. பின்னர் 1946இல் அவர் மெக்ஸிகோ தேசம் சென்று, அங்குள்ள மக்கள் அச்சுச் சித்திரப் பட்டறையில் சேர்ந்து, பருத்திக் காட்டுக் கூலிகளின் முகங்களை லினோலியத்தில் வெட்டி அச்சிட்டு உலகறியச் செய்தார். பட்டம் அவருக்குப் படி. ஆசிரியரின் ஒரு வார்த்தையே அவருக்கு வழி.

நமது தேசத்து உதாரணம் இதைவிட நமக்கு அணுக்கமானது. கே. ஜி. சுப்பிரமணியன் 1924இல் வட மலையாளத்தில் கூத்துபறம்பில் பிறந்தவர். சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார். 1942ஆம் வருஷத்து 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சியில் ஈடுபட்டுச் சிறை சென்றார். வெளிவந்தபோது சர்க்கார் கலாசாலைகளின் கதவுகள் அவருக்கு மூடப்பட்டிருந்தன. அந்நிய சர்க்கார் ஒரு பொருளாதார மாணாக்கனைத் தண்டித்ததாக எண்ணியது. தேசமோ ஒரு மகா சித்திரக்காரரைப் பெற்றது. 1944இல் அவர் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தை அடைந்தார். அங்கே நந்தலால் போஸ், வினோத விஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகிய மூவரும் ஒரே மரத்தடியில் கிடைத்தார்கள்.

அம்மூவரிடமும் அவர் பெற்றது ஒரே விதமான பாடமன்று. ஹிந்தி பவனத்தின் சுவர்களில் வினோத விஹாரி மத்திய கால பக்தர்களின் வரலாற்றைத் தீட்டியபோது, சுப்பிரமணியன் கூடவே இருந்து உதவி செய்தார். ராம்கிங்கர் 1938இல், வெண்கலத்துக்கும் சலவைக் கல்லுக்கும் காத்திராமல், சிமெண்டையும் செம்மண் சரளையையும் கலந்து வழிநடைச் சந்தால் குடும்பம் ஒன்றைத் திறந்த வெளியில் ஆளுயரத்துக்கு மேல் எழுப்பியிருந்தார். கிடைத்த பொருளைக் கொண்டு பெரியதைச் செய்யலாம் என்பதை மாணாக்கர்கள் தினந்தோறும் நடந்து போகும் வழியிலேயே கண்டார்கள். பின்னர் சுப்பிரமணியன் 1951இல் பரோடாவில் ஆசிரியரானார். 1980இல் மீண்டும் சாந்திநிகேதனத்துக்கே பேராசிரியராகத் திரும்பினார். 2016இல் காலமாகும் வரை கை ஓயாமல் வேலை செய்தார். சுடுமண், கண்ணாடி, துணி, பொம்மை, சுவர் என்று அவர் தொடாத சாதனம் சொற்பம். இவ்வளவுக்கும் வித்து அந்த மரத்தடியில் விழுந்தது.

ஆகவே, மேற்படிப்புக்கு இடம் தேடும் இளைஞன் முதலில் கேட்கவேண்டியது, "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்பதே. ஸ்தாபனத்தின் பெயர் ஐம்பது வருஷத்துக்கு முன் சம்பாதித்ததாயிருக்கலாம். அதைச் சம்பாதித்தவர்கள் இன்று இல்லாமலிருக்கலாம். ஆசிரியர்கள் கடந்த ஐந்து வருஷத்தில் என்ன செய்தார்கள் என்று பார்க்கவேண்டும். அவர்கள் பட்டறைக்கு வருகிறார்களா, வருகைப் பதிவில் கையெழுத்திட்டுவிட்டுப் போகிறார்களா என்று சென்ற வருஷத்து மாணாக்கர்களைக் கேட்கவேண்டும். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், மணிக்கணக்குக் கூலிக்கு வந்து போகிறவர்கள் எத்தனை பேர் என்று விசாரிக்கவேண்டும். இரண்டு வருஷத்தில் மூன்று ஆசிரியர் மாறினால் மாணாக்கன் யாரிடம் என்ன கற்பான்? ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே கையினராக இருப்பதும் நல்லதன்று. தம்மைப்போலவே எழுதும் சீடர்களை வார்த்தெடுக்கும் ஆசிரியர் எவ்வளவு கீர்த்தி பெற்றவராயினும், முதுகலை மாணாக்கன் அவரிடமிருந்து சற்றுத் தள்ளியே நிற்பது க்ஷேமம்.

இரண்டாவதாகப் பார்க்கவேண்டியது பட்டறை. சித்திரக் கலையின் பல கிளைகள் கருவியின்றி நடவா. எட்சிங் என்னும் செப்புத் தகட்டுச் சித்திரத்துக்கு அழுத்து யந்திரம் வேண்டும். தகட்டை அமிலத்தில் அரிக்க வைப்பதற்குக் காற்றோட்டமுள்ள தனியறை வேண்டும். அமிலப் புகை சூழ்ந்த அறையில் இரண்டு வருஷம் நின்றவனுக்குப் பட்டத்தோடு இருமலும் சேர்ந்து கிடைக்கும். மட்பாண்டக் கலைக்குச் சூளை வேண்டும். அச்சூளை எரிகிறதா, வாயிலில் நின்று வருவோர்க்குக் காட்சி தருகிறதா என்பதைப் பார்க்கவேண்டும். சிற்பத்துக்குக் கல்லும், மரமும், உலோகம் வார்க்கும் உலையும், பாரம் தூக்கும் கப்பியும் வேண்டும். இவற்றின் செலவைக் கலாசாலை ஏற்கிறதா, மாணாக்கன் தலையில் ஏற்றுகிறதா? பட்டறைக் கதவு மாலை 5 மணிக்கு மூடிவிடுமா, இரவிலும் திறந்திருக்குமா? ஞாயிற்றுக்கிழமை எப்படி? கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இக்கேள்விகளிலேதான் படிப்பின் முக்கால் பங்கு அடங்கியிருக்கிறது. காரியாலய நேரப்படி கற்பனை உதிப்பதில்லை.

இந்த இரண்டு அளவுகோலையும் கையிலெடுத்துக்கொண்டு நமது தேசத்து ஸ்தாபனங்களைப் பார்த்தால், ஒவ்வொன்றும் வெவ்வேறு நோக்கத்தில் பிறந்தது புலப்படும். சென்னைச் சித்திரக் கலாசாலை 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியரால் தொடங்கப்பட்டது. கைத்தொழிலாளரைப் பயிற்றி வியாபாரத்துக்குரிய பொருள்களைச் செய்விப்பதே அந்நாளைய சர்க்காரின் கருத்து. முதல் இந்தியத் தலைவராக தேவிபிரசாத் ராய் சௌத்ரி வந்த பின்னரே அது கலைக்கழகமாக மலர்ந்தது. மெரினாக் கடற்கரையில் பாறையை நெம்பி நிற்கும் உழைப்பாளர் சிலையும், கோலூன்றி நடக்கும் காந்தியடிகள் சிலையும் அவர் கையில் உருவானவை. அவருடைய மாணாக்கர் கே. சி. எஸ். பணிக்கர் 1957 முதல் 1967 வரை அதே கலாசாலைக்குத் தலைமை வகித்தார். காந்தியடிகளைக் கோட்டுச் சித்திரங்களாகவே எழுதிப் புகழ்பெற்ற கே. எம். ஆதிமூலம் அக்கலாசாலையில் தேறியவர்தான். இன்று சென்னையும் கும்பகோணமும் 2013இல் ஏற்பட்ட இசை, கவின்கலைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருக்கின்றன. சம்பளம் சொற்பம், வீட்டுக்கு அருகு, பாஷைத் தடையும் குறைவு. இவை சிறிய நன்மைகள் என்று எவரும் எண்ணவேண்டாம்.

பரோடாவின் கதை வேறு. அங்கே 1949இல் ஏற்பட்ட மகாராஜா ஸயாஜிராவ் சர்வகலாசாலையின் ஓர் அங்கமாகவே லலித கலைப் பகுதி பிறந்தது. சித்திரம் எழுதுகிறவனும் கலைச் சரித்திரம் ஆராய்கிறவனும் ஒரே கூரையின்கீழ் இருந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. கை ஓடுகிறது, ஆனால் ஏன் இப்படி எழுதுகிறோமென்று தெளிவு பிறக்கவில்லை என்று தவிக்கிறவனுக்கு அத்தகைய இடம் உதவும். 1919இல் தொடங்கிய சாந்திநிகேதனத்துக் கலாபவனத்திலோ, சுவரும் மரமும் கிராமமும் பாடத்தின் பகுதி. நகரத்துக் காட்சிசாலைகளையும் விற்பனையாளர்களையும் அருகில் வேண்டுகிறவனுக்கு அது தூரமாகத் தோன்றலாம்; அமைதியை வேண்டுகிறவனுக்கு அத்தூரமே வரம். எது உயர்ந்தது என்று கேட்பது வீண். தன் வேலையில் என்ன குறைகிறது என்று அறிந்தவனுக்கே எது தனக்கு ஏற்றதென்று தெரியும். நான்கு வருஷம் ஒரே இடத்தில் பயின்றவன் அதே இடத்தில் மேலும் இரண்டு வருஷம் இருப்பதைவிட வேற்றூர் சென்று பிறர் கண்ணுக்குத் தன் வேலையைக் காட்டுவது பொதுவாக நன்மை பயக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

மூன்றாவது அளவுகோலைச் சொல்லச் சிலர் கூசுவார்கள், நாம் கூசவில்லை. நெருக்கடி வந்தால் ஸ்தாபனம் மாணாக்கன் பக்கத்தில் நிற்குமா? மேலே நாம் புகழ்ந்த பரோடாவிலேயே, 2007ஆம் வருஷம் மே மாதம், முதுகலை மாணாக்கர் ஒருவர் பரீட்சைக்காக வைத்திருந்த படைப்புகள் மத உணர்ச்சியைப் புண்படுத்துவதாகச் சொல்லி வெளியார் உள்ளே புகுந்தனர். மாணாக்கர் கைது செய்யப்பட்டார். ஆட்சேபம் தெரிவிக்க மற்ற மாணாக்கர்கள் புராதனச் சிற்பங்களின் படங்களைக் கொண்டு ஒரு காட்சி வைத்தார்கள். அதை மூடும்படி மேலிடம் கட்டளையிட்டது. மூட மறுத்த பகுதித் தலைவர் பதவியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார். அப்படைப்புகள் நல்லவையா அல்லவா என்ற விவாதத்தில் நாம் இப்போது இறங்கவில்லை. பரீட்சை அறையில் மாணாக்கன் வைத்ததை மதிப்பிட வேண்டியவர்கள் ஆசிரியர்கள். அந்த உரிமையைக் கூட்டத்திடம் ஒப்புவித்த நிர்வாகம் கலாசாலை என்ற பெயருக்குத் தகுமா? அதே சமயம், தம் பதவியைப் பொருட்படுத்தாமல் மாணாக்கனோடு நின்ற ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது. மாணாக்கன் தேடவேண்டியது அத்தகைய ஆசிரியரை.

இனிப் பணத்துக்கு வருவோம். தஞ்சை அன்பரின் தூக்கத்தைக் கெடுப்பது அதுவே. வெளிதேசம் போகலாகாது என்பது நமது கட்சியன்று. கிணற்றுத் தவளையாக இருப்பவன் கலைஞனாவது கடினம். ஆனால் கணக்கைப் பாருங்கள். நமது பாங்கிகள் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட படிப்புக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கின்றன. படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்டவேண்டாம் என்கிறார்கள்; வட்டியோ முதல் நாளிலிருந்தே ஏறுகிறது. டாக்டராகவோ என்ஜினீயராகவோ திரும்புகிறவனுக்கு மறு மாதமே சம்பளம் உண்டு. சித்திரக்காரனுக்கு அப்படி உண்டா? கடனுக்குத் தவணை கட்டவேண்டியவன், தனக்குத் தோன்றியதை எழுதுவானா, சந்தைக்கு உகந்ததை எழுதுவானா? விடுதலை பெறுவதற்காக மேற்கொண்ட படிப்பு விலங்காக முடிந்தால் யாருக்கு என்ன லாபம்?

பெரிய பெயர் பெற்ற ஸ்தாபனம் வாக்குத் தவறாது என்றும் நம்பிவிடலாகாது. 2015ஆம் வருஷம் மே மாதம் லாஸ் ஏஞ்ஜலீஸ் நகரிலுள்ள தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் எம்.எப்.ஏ. முதல் வருஷ வகுப்பில் இருந்த 7 மாணாக்கர்களும் ஒருசேர வெளியேறினார்கள். சேரும்போது சொல்லப்பட்ட உதவித் தொகை, பாடத்திட்டம், ஆசிரியர்கள் ஆகிய மூன்றும் பின்னர் மாற்றப்பட்டன என்பது அவர்கள் கூறிய காரணம். ஒரு வகுப்பு முழுவதும் காலியாயிற்று. செல்வத்தில் குறைவில்லாத தேசத்தில், அத்தேசத்துப் பிள்ளைகளுக்கே இப்படியென்றால், பாஷையும் பழக்கமும் புதிதான நமது பிள்ளை அங்கே தனித்து நின்று யாரிடம் முறையிடுவான்? எந்த உதவித் தொகையும் எழுத்தில், தொகையும் காலமும் குறித்து, கைக்கு வந்த பின்னரே உதவித் தொகை.

எல்லாத் தேசங்களும் ஒன்றுபோல இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஜெர்மனியிலுள்ள சர்க்கார் கலைக்கழகங்களில் பெரும்பாலானவை படிப்புக்குச் சம்பளம் வாங்குவதில்லை. அங்கே மாணாக்கன் சேருவது ஓர் ஆசிரியரின் வகுப்பில். அவ்வகுப்பு அந்த ஆசிரியரின் பெயராலேயே வழங்குகிறது. டுஸல்டார்ப் நகரத்துக் கழகத்தில் பேராசிரியராயிருந்த ஜோஸப் பாய்ஸ், இடமில்லையென்று திருப்பப்பட்ட மாணாக்கர்களையும் சேர்க்கவேண்டுமென்று வாதாடிக் காரியாலயத்தில் அவர்களோடு அமர்ந்ததற்காக 1972இல் வேலையை இழந்தார். கற்க வந்தவனைத் திருப்பக்கூடாது என்று பதவியைத் துறக்கவும் துணிந்த ஆசிரியர்கள் பிற தேசங்களிலும் உண்டு. ஜெர்மன் பாஷையைக் கற்றுக்கொள்ளவும், சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் முன்பணம் காட்டவும் இயலுமானால், வீட்டை ஈடு வைக்காமலே கடல் கடக்க அவ்வழி ஒன்று இருக்கிறது.

பட்டமே இல்லாத வழியும் ஒன்று உண்டு. அதை இழிவாகக் கருதுவது நமது மத்தியதர வகுப்பினரின் பிழை. 1966இல் பணிக்கரும் அவருடைய மாணாக்கர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை நிறுவினார்கள். எந்தத் தனவந்தரும் அதைக் கட்டிக் கொடுக்கவில்லை. பாடிக் துணியும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். காலையில் கைத்தொழில் சோறு போட்டது. மற்ற நேரம் கலைக்கு. சுவாமிமலையில் இன்றும் மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகத்தைப் பாய்ச்சும் ஸ்தபதிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டறையில் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் கற்பதை எந்தச் சர்வகலாசாலையும் புத்தகத்தால் கற்பிக்க இயலாது. சென்னை கிரீம்ஸ் ரோட்டில் லலித கலா அகாடமியின் பிராந்திய நிலையத்தில் அச்சுச் சித்திரத்துக்கும் சிற்பத்துக்கும் மட்பாண்டத்துக்கும் பட்டறைகள் இருக்கின்றன. ஆசிரியர் உத்தியோகத்தில் நாட்டமில்லாத இளைஞன் பட்டத்துக்கு முன் இவற்றை யோசிப்பது நன்று.

பந்துக்கள் சொல்லும் டிராயிங் மாஸ்டர் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012ஆம் வருஷம் தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளிகளில் ஓவியம், தேகப்பயிற்சி, கைத்தொழில் ஆகியவற்றுக்கு 16,000க்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பின்னர் அது படிப்படியாக உயர்ந்ததாயினும், வேலையை நிரந்தரமாக்குங்கள் என்று அவர்கள் மீண்டும் மீண்டும் தெருவில் நின்றதை நாம் கண்டோம். குழந்தையின் கையில் முதன்முதலாகத் தூரிகையைக் கொடுக்கிறவனுக்கு நாம் வைத்திருக்கும் மதிப்பு இது. அடியில் வேரை வெட்டிக்கொண்டு நுனியில் பூவில்லையே என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை.

ஆதலின், சர்க்காருக்கும் நாம் சில வார்த்தை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சென்னையிலும் கும்பகோணத்திலும் முதுகலை பயிலும் ஒவ்வொரு மாணாக்கனுக்கும் கல், உலோகம், வர்ணம், தகடு ஆகியவற்றுக்கென்று தனியாக ஒரு தொகை அளிக்கவேண்டும். பட்டறைகளை இரவிலும் திறந்து வைக்கவேண்டும். காலி ஸ்தானங்களில் நிரந்தர ஆசிரியர்களை நியமிக்கவேண்டும். கூடவே, பட்டமில்லாத காரணத்தால் ஸ்தபதியையும் குயவரையும் நெசவாளரையும் வாயிலில் நிறுத்தாமல், வருஷத்தில் சில மாதமேனும் அவர்களை ஆசிரியராக அமர்த்தவேண்டும். மாணாக்கன் தன் படைப்பைப் பற்றி எழுதும் கட்டுரையைத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே வாதாடவும் தடையிராமல் செய்யவேண்டும். தன் வேலையைத் தன் பாஷையில் சொல்லத் தெரியாதவன் பிறர் பாஷையில் இரவல் வார்த்தைகளையே சொல்லுவான். இவை ஒரு மேம்பாலத்தின் செலவில் சிறு பங்குகூட ஆகாத காரியங்கள்.

தஞ்சை அன்பருக்கு நமது யோசனை இதுதான். வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். முழு உதவித் தொகையை எழுத்தில் தந்தாலன்றி அந்த வெளிதேசக் கலாசாலைக்குப் பணம் கட்டவேண்டாம். பையனின் கையில் வழிச்செலவுக்குச் சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்து, அவனுடைய சித்திரச் சுருளோடு ரயிலேற்றிவிடுங்கள். சென்னை, ஹைதராபாத், பரோடா, சாந்திநிகேதன் ஆகிய நான்கு இடங்களிலும் இரண்டிரண்டு நாள் தங்கி, பட்டறை வாயிலில் நின்று, மாணாக்கர்களோடு தேநீர் அருந்தி, ஆசிரியர்களிடம் தன் வேலையைக் காட்டி வரட்டும். எவர் அவனைப் புகழ்ந்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டாம். எவர் அவனுடைய சித்திரத்தின் முன் நெடுநேரம் நின்று, பிறகு ஒரு சங்கடமான கேள்வி கேட்டார் என்பதை அவன் குறித்து வரட்டும். அந்தக் கேள்விக்கு விடை காண அவனுக்கு இரண்டு வருஷம் வேண்டியிருந்தால், அவன் சேரவேண்டிய இடம் அதுவே. அப்படி ஒருவரும் கேட்கவில்லையானால், ஒரு வருஷம் உங்கள் தறியருகிலேயே அவன் உட்காரட்டும். பாவும் ஊடும் சேர்ந்து வர்ணம் பிறக்கும் விதத்தை அங்கேயே படித்துவிட்டு, மறு வருஷம் மீண்டும் புறப்படட்டும்.

பொதுவாழ்விலுள்ள நமது நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இத்தகைய பிள்ளை ஒருவன் நிச்சயமாக இருப்பான். மாநாட்டுப் பந்தலுக்கும் ஊர்வலத் தட்டிக்கும் அவனை அழைக்கிறீர்கள். கூலி கேட்டால் கட்சிக்காகச் செய் என்கிறீர்கள். அடுத்த முறை அழைக்கும்போது கூலியைக் கொடுங்கள். அவன் ரயிலேறும் நாளில் வழிச்செலவில் பாதியையும் கொடுங்கள்.